பன்னிரண்டு நாள் போதாது

2022 பிப்ரவரி 7, திங்கட்கிழமை. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நேரம் அன்றோடு முடிந்தது. சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் யார் யார் களத்தில் நிற்கிறார்கள் என்பது அன்று மாலைதான் உறுதியானது. பிரசாரம் 17-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு ஓய்ந்தது, 19-ஆம் தேதி சனிக்கிழமை வாக்குப்பதிவு. பட்டியல் முடிவானதிலிருந்து விரலில் மை வைத்துக்கொண்டதுவரை மொத்தம் பன்னிரண்டு நாள். இடையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்தத் தேர்தலில் சென்னையில் நூற்றுக்கு 44 பேர்கூட வாக்களிக்கவில்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாக்களிக்கப் போகாதவர்களிடம் பிறகு பேசிப் பார்த்தேன். சோம்பல் என்று ஒப்புக்கொண்டவர்கள் சிலர். "யார் நிக்கிறாங்கன்னே தெரியல சார், தெரியாம யாருக்குப் போடறது?" என்றவர்களே அதிகம். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சட்டமன்றத் தேர்தல் என்றால் வேட்பாளரைப் பற்றித் தொலைக்காட்சியே மாதக்கணக்கில் சொல்லிவிடும். வார்டு வேட்பாளரைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நாம்தான் தேடிப்போக வேண்டும். 2022 மார்ச்சில் பதவியேற்ற மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த பட்டியல் வந்த பிறகு தேட ஆரம்பித்தால் மறுபடியும் பன்னிரண்டு நாள்தான் கிடைக்கும். அதனால் இந்த அத்தியாயத்தில் வேட்பாளரைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதலில் உங்கள் தெரு.

உங்கள் வார்டு எது?

சிரிக்காதீர்கள், பலருக்குத் தெரியாது. மயிலாப்பூர் 9-ஆவது மண்டலமான தேனாம்பேட்டையில் வருகிறது. தி.நகர் தேனாம்பேட்டைக்கும் 10-ஆவது மண்டலமான கோடம்பாக்கத்துக்கும் பிரிந்து கிடக்கிறது. அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் எல்லாம் 13-ஆவது மண்டலம். சட்டமன்றத் தொகுதி எல்லையும் வார்டு எல்லையும் ஒன்றல்ல. பெசன்ட் நகரில் இருப்பவர் எம்.எல்.ஏ.வுக்கு வேளச்சேரித் தொகுதியில் வாக்களிக்கிறார், கவுன்சிலருக்கு அடையாறு மண்டலத்து வார்டு ஒன்றில் வாக்களிக்கிறார். இன்னொரு குழப்பமும் உண்டு. 2011 விரிவாக்கத்துக்கு முன் சென்னையில் 155 வார்டுகள்தான் இருந்தன. அதற்குப் பின்னும் ஒருமுறை எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். எனவே வீட்டில் இருக்கும் பழைய சொத்துவரி ரசீதில் உள்ள டிவிஷன் எண்ணை நம்பாதீர்கள். மாநகராட்சி இணையதளத்தில் தெருப்பெயர் கொடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் குப்பை எடுக்க வருபவரிடம் கேளுங்கள், தெளிவாகச் சொல்வார்.

கையோடு வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, "போன தடவை ஓட்டுப் போட்டேனே" என்பது எதற்கும் உத்தரவாதமில்லை.

கவுன்சிலரால் எது முடியும், எது முடியாது

இதைத் தெரிந்துகொள்ளாமல் வேட்பாளரை எடைபோட முடியாது. தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மழைநீர் என்றால் மாநகராட்சியின் வடிகால் அடைத்திருக்கிறது. கழிவுநீர் என்றால் அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. 1978 முதல் சென்னையில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் தனி வாரியத்திடம் இருக்கின்றன, மாமன்றத்திடம் இல்லை. மின்தடை மின்வாரியம். போக்குவரத்து நெரிசல் காவல்துறை. லஸ்ஸிலும் பனகல் பூங்காவிலும் பள்ளம் தோண்டியது மெட்ரோ ரயில் நிறுவனம். பெரிய கட்டடங்களுக்கு அனுமதி தருவது சி.எம்.டி.ஏ.

மிச்சம் இருப்பது கொஞ்சமல்ல. குப்பை, தெருவிளக்கு, உட்சாலை, நடைபாதை, மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்பச் சுகாதார நிலையம், மயானம், அம்மா உணவகம், சொத்துவரி, தொழில் உரிமம். இவற்றோடு ஒவ்வொரு கவுன்சிலருக்கும் வார்டு மேம்பாட்டுக்கென்று ஆண்டுதோறும் பல லட்ச ரூபாய் ஒதுக்கீடு உண்டு. அந்தப் பணம் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனதா, பள்ளிக் கழிப்பறைக்குப் போனதா என்பது ஒரு கவுன்சிலரின் மனசைக் காட்டும்.

"மெட்ரோ ஸ்டேஷனைச் சீக்கிரம் திறக்க வைப்பேன்", "பவர் கட்டே இருக்காது" என்று துண்டறிக்கையில் போட்டிருக்கும் வேட்பாளருக்குத் தான் கேட்கும் பதவி என்னவென்றே தெரியவில்லை. "மழைக்கு முன்னாடி நம்ம தெரு வடிகாலை எந்த மாசம் தூர் வாரணும்னு எனக்குத் தெரியும், ஏ.இ. பக்கத்துல நின்னு செய்ய வைப்பேன்" என்று சொல்பவருக்குத் தெரிந்திருக்கிறது. மாநகராட்சி உதவிப் பொறியாளரைத்தான் ஏ.இ. என்கிறோம். கவுன்சிலருடைய வேலையில் பாதி அவரை விரட்டுவதும், குடிநீர் வாரிய டிப்போவில் போய் உட்காருவதும்தான். அதிகாரம் இல்லாத இடத்திலும் பொறுப்பை எடுத்துக்கொள்பவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

தி.நகர்க்காரர்களுக்கு 2021 நவம்பர் மழை மறந்திருக்காது. மாம்பலம் கால்வாயில் கட்டுமான இடிபாடு அடைத்துக்கொண்டு, ஜி.என். செட்டி சாலையைச் சுற்றிய தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றன. மூன்று மாதத்தில் தேர்தல் வந்தது. அந்த மூன்று மாதத்தில் எந்த வேட்பாளராவது கால்வாயைப் போய்ப் பார்த்தாரா என்று விசாரித்திருந்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும். அடுத்த முறை விசாரியுங்கள்.

மயிலாப்பூரில் நான் கவனிக்கச் சொல்வது சாலை மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிது போட்டுப் போட்டுப் பல தெருக்களில் வீட்டு வாசல் சாலைக்குக் கீழே போய்விட்டது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு எழுத்தில் அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் கடைசியாகச் சாலை போட்டபோது சுரண்டினார்களா? பக்கத்தில் கவுன்சிலர் நின்றாரா? இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கேட்கப்போகிறோம்.

நேரடியாக நம்மைக் கேட்பதில்லை

சுவிட்சர்லாந்திலும் கலிஃபோர்னியாவிலும் வரியை உயர்த்தலாமா, பள்ளிக்குக் கடன் வாங்கலாமா என்று வாக்குச்சீட்டிலேயே மக்களைக் கேட்டுவிடுகிறார்கள். நமக்கு அந்த ஏற்பாடு இல்லை. அங்கே மக்கள் தீர்மானிப்பதை இங்கே ரிப்பன் மாளிகையில் உட்கார்ந்திருக்கும் 200 பேர் தீர்மானிக்கிறார்கள். ஆகவே கவுன்சிலருக்குப் போடும் ஒரு வாக்குக்குள் இன்னும் எழுதப்படாத ஐந்தாண்டுத் தீர்மானங்கள் அனைத்தும் இருக்கின்றன.

2022 தேர்தல் முடிந்து ஆறு வாரத்தில் சொத்துவரி உயர்வு அறிவிப்பு வந்தது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 150 சதவீதம். அரசு அறிவித்தது என்றாலும் மாமன்றத்தில் தீர்மானமாக வந்துதான் போனது. 2024 செப்டம்பரில் இன்னொரு 6 சதவீதம், அதுவும் மன்றத் தீர்மானம். 2025-இல் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்தபோது, பணியாளர்கள் ஆகஸ்ட் மாதம் ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலுமாக உட்கார்ந்தார்கள். நம் தென்சென்னை மண்டலங்களில் அந்த மாற்றம் 2020-இலேயே நடந்துவிட்டது. அப்போது கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததிலிருந்து 2022 மார்ச் வரை ஐந்தாண்டுக்கும் மேல் மாநகராட்சியைத் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்ததும் அந்தக் காலத்தில்தான். எனக்கு அந்த நடைபாதை பிடிக்கும். ஆனால் அதைப் பற்றி மன்றத்தில் எழுந்து பேச அந்தத் தெருக்காரர்களின் பிரதிநிதி ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் போகவில்லை.

ஆகவே வேட்பாளரிடம் "என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வரித் தீர்மானம் வந்தா கட்சி சொன்னபடி கையைத் தூக்குவீங்களா, வார்டைக் கேட்டுத் தூக்குவீங்களா?" என்று கேளுங்கள்.

ஒரே வார்டுக்குள் எதிரெதிரான நியாயங்கள் இருப்பதையும் மறக்க வேண்டாம். 2023-இல் மெரினா லூப் சாலை மீன் கடைகளை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. நொச்சிக்குப்பத்துப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். சாந்தோம் பக்கம் காரில் போகிறவர்களுக்கு அது வழியை மறிக்கும் கடை, குப்பத்துக்கு அது அன்றைய சோறு. பிறகு அங்கேயே மீன் அங்காடி கட்டப்பட்டது. இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்து பேசக்கூடியவர் உங்கள் பட்டியலில் யார் என்று பாருங்கள். உங்கள் தெருவுக்கு மட்டும் நல்லவராக இருந்தால் போதாது.

பிரமாணப் பத்திரத்தைப் படிப்பது

வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு ஆகியவற்றை எழுதிச் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். 2002-இல் உச்ச நீதிமன்றம் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் வழக்கில் சொன்ன தீர்ப்பிலிருந்து வந்த உரிமை இது. வார்டு தேர்தலுக்கு இதை வாங்கி வைப்பது மாநிலத் தேர்தல் ஆணையம். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையம் வேறு, இது வேறு. இந்திய ஆணையத்தின் இணையதளத்தில் தேடிவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாநில ஆணையத்தின் தளத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மண்டல அலுவலகத்தில் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் போய்க் கேளுங்கள்.

வழக்கு என்று இருந்ததும் ஒதுக்கிவிடாதீர்கள். எந்தப் பிரிவு என்று பாருங்கள். குடிநீர் கேட்டுச் சாலை மறியல் செய்தவர்மீதும் வழக்கு இருக்கும், நிலத்தை மிரட்டி வாங்கியவர்மீதும் இருக்கும். முன்னது எனக்கு அவர்மேல் மதிப்பையே கூட்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். சொத்துப் பகுதியில் தொகையைவிட வகை முக்கியம். ஒப்பந்த நிறுவனம், லாரி, பொக்லைன், கட்டுமானப் பங்குகள் இருந்தால் அவர் மாநகராட்சி வேலை எடுப்பவரா என்று வார்டில் விசாரியுங்கள். துணைவர் பெயரிலும் சார்ந்திருப்போர் பெயரிலும் உள்ள பத்தியை மறக்காமல் படியுங்கள், பெரும்பாலான சேதி அங்கேதான் இருக்கும். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். எழுதிய நிலத்தை அதோடு ஒப்பிட உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். படிப்பு பற்றிய பத்தியில் நான் நேரம் செலவழிப்பதில்லை.

மீண்டும் நிற்பவரை விசாரிப்பது

இதுதான் எளிது, ஆனால் யாரும் செய்வதில்லை. மாமன்றத் தீர்மானங்கள் மாநகராட்சித் தளத்தில் கிடைக்கின்றன. உங்கள் வார்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். எந்தப் பூங்காவுக்கு எவ்வளவு, எந்தச் சாலைக்கு எவ்வளவு என்று வரும். அச்சடித்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பாருங்கள். தீர்மானத்தில் இருக்கும் பெஞ்சு பூங்காவிலும் இருக்க வேண்டும். கிடைக்காத விவரத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள் கெடு. முப்பது நாள், பன்னிரண்டு அல்ல. தேர்தல் அறிவிப்புக்குக் காத்திருக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது என்கிறது, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் சேர்த்து. நிலமுள்ள பிராமணர்களுக்கு மட்டுமான சபை அது, அதைக் கொண்டாட எனக்கு ஒன்றுமில்லை. கணக்கைப் பற்றிய அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அறப்போர் இயக்கம் போன்ற அமைப்புகள் மாநகராட்சி டெண்டர்களைத் தோண்டியிருக்கின்றன. உங்கள் மண்டலம் அதில் வருகிறதா என்று பார்க்கலாம். மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் போன்ற பேட்டைப் பத்திரிகைகளின் பழைய இதழ்கள் இன்னும் நல்லவை. பெரிய நாளிதழில் வராத தெருவிளக்கு அங்கே வரும்.

யாரிடம் கேட்பது

சென்னை மாநகராட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. ஆனால் வேட்பாளர் பெயரில் கணவர் பேசுவதும், ஜெயித்த பிறகு அலுவலகத்தில் கணவர் உட்காருவதும் நம் கண்ணெதிரே நடக்கிறது. 2022-இல் எங்கள் தெருவுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். ஆரத்தித் தட்டு, மேளம், முன்னால் கணவர். நான்கு வீடு தள்ளி இருக்கும் எழுபது வயது அம்மா வாசலில் நின்று கேட்டார்.

"ஏம்மா, இந்தக் கோடி வீட்டாண்ட வருஷா வருஷம் தண்ணி நிக்குது, என்ன செய்வே?"

"நான் பாத்துக்கறேன்மா, ஜெயிச்சதும் முதல் வேலை அதான்" என்றார் கணவர்.

"உன்னக் கேக்கலப்பா. ஓட்டு அவங்களுக்குத்தானே? அவங்க சொல்லட்டும்."

மேளம் நின்றது. அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்தார். "அந்த முனையில வடிகால் பெரிய கால்வாயோட சேரலம்மா. நடுவுல இருபதடி விட்டுட்டாங்க. அதைச் சேக்கணும். எங்க வீடும் அந்தப் பக்கம்தான்" என்றார். எங்களில் பலருக்கே அது தெரியாது. கூட்டம் நகர்ந்த பிறகு அந்த அம்மா என்னிடம், "பொண்ணுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு, பேசத்தான் விடமாட்டேங்கறாங்க" என்றார். கேள்வியை வேட்பாளரிடமே கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.

கட்சியைப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். 2011-இல் சென்னை மக்கள் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-இல் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். எனவே வார்டில் போடும் வாக்கு மேயருக்கும் சேர்த்து. ஆனால் உங்கள் கோடி வீட்டுத் தண்ணீரைக் கட்சி வந்து பார்க்காது. அந்தத் தேர்தலில் 200 பேரில் ஐந்து பேர் சுயேச்சைகளாக வென்றார்கள். டெபாசிட் 4,000 ரூபாய்தான், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அறிமுகமில்லாத சின்னத்தில் நிற்பவரின் பத்திரத்தையும் படித்துவிடுங்கள். யாரையும் பிடிக்காவிட்டால் நோட்டாவில் அழுத்தலாம் என்று கடைசி நிமிஷத்துக்கு வைக்காதீர்கள். 2022 வார்டு தேர்தல் இயந்திரத்தில் அந்தப் பொத்தான் இல்லை.

கவரில் வரும் பணம், டோக்கன், கொலுசு பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். அந்தக் காசு பின்னால் உங்கள் தெரு வடிகாலின் சிமென்டிலிருந்துதான் எடுக்கப்படும்.

வாக்களித்த பிறகு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, பகுதி சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழக நகரங்களில் அது முதன்முறையாகக் கூடியது. ஒவ்வொரு வார்டையும் பல பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கவுன்சிலர் முன்னால் உட்கார்ந்து பேசும் கூட்டம். நேரடியாக நம்மைக் கேட்பதில்லை என்று மேலே சொன்னேன். அதற்கு மிக நெருக்கமாக நம்மிடம் இருப்பது இதுதான். உங்கள் பகுதி சபை எங்கே, எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். சாலை மட்டம் பற்றிக் குறித்து வைத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, செலவுக் கணக்கு. 2022-இல் சென்னை வார்டு வேட்பாளர் 90,000 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது. முடிவு வந்த முப்பது நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், வென்றவரும் தோற்றவரும். பிரசாரத்தின்போது உங்கள் தெருவுக்கு வந்த ஆட்டோக்கள், மேளம், பிரியாணிப் பொட்டலம், பட்டாசு எல்லாவற்றையும் ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். முப்பத்தோராவது நாள் அந்தக் கணக்கின் நகலைக் கேட்டு மனு எழுதுங்கள். மேலே பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டுங்கள்.